கணவாயின் தினசரிப் பனிச்சரிவு அறிக்கையை நிறுத்திய ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆணையத் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

கணவாய்க்கெனத் தனியாக நாள்தோறும் மாலையில் வெளியாகி வந்த பனிச்சரிவு அறிக்கையை இந்தக் குளிர்காலத் தொடக்கத்தில் தாங்கள் நிறுத்திவிட்டீர்கள். அதற்குப் பதிலாக, மலைத்தொடர் முழுவதற்கும் பொதுவான ஓர் அறிக்கை வாரத்துக்கு இருமுறை வருகிறது. கணவாயின் முகட்டில் நின்ற தானியங்கி வானிலை நிலையம் இலையுதிர்காலத்தில் பழுதானது. அது இன்றுவரை சரிசெய்யப்படவில்லை. பனியைத் தோண்டிப் பார்த்து அறிக்கை தந்துவந்த களக் கண்காணிப்பாளர்களின் வருகையும் நின்றுவிட்டது. இந்த மாற்றங்களுக்குத் தங்கள் அறிவிப்பு மூன்று காரணங்களைச் சொன்னது: அறிக்கையைப் படிப்பவர்கள் குறைவு, செலவு அதிகம், திறந்த மலையில் ஸ்கீ செய்பவர்கள் அனுபவசாலிகள் என்பதால் நிலைமையைத் தாங்களே மதிப்பிட்டுக்கொள்வார்கள். முதல் இரண்டு காரணங்களைப் பற்றிப் பேச்சுவார்த்தைக்கு இடமுண்டு. மூன்றாவது காரணம் உண்மைக்கு நேர்மாறானது என்பதாலும், அதை நம்பி எடுக்கப்பட்ட முடிவு உயிர்களைப் பறிக்கக்கூடியது என்பதாலும் இந்த மடலை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

இழுவை வடமோ, சீரமைத்த தடமோ, ரோந்துக் காவலர்களோ இல்லாத சரிவுகளில், ஸ்கீயின் அடியில், ஏறும்போது பின்னோக்கி வழுக்காமல் தடுக்கும் ஸ்கின் பட்டையை ஒட்டிச் சொந்தக் காலால் ஏறி, கணவாயைக் கடந்து மறுபுறம் இறங்கும் பயணங்களை ஒரு சிறு குழுவுக்காகப் பல குளிர்காலங்களாகத் திட்டமிட்டு வருகிறேன். குழுவில் நீண்ட நாள் பழகியவர்களும் இருக்கிறார்கள், முதன்முறையாக வருபவர்களும் இருக்கிறார்கள். எங்கே போவது, எப்போது கிளம்புவது, எந்த இடத்தில் திரும்பிவிடுவது என்ற கேள்விகளுக்கான விடைகளில் பெரும்பாலானவை முந்தைய நாள் மாலையில், வரைபடத்தின் முன்னால் உட்கார்ந்து எடுக்கப்படுபவை. மலையின் மேலே களைப்பும் குளிரும் ஆசையும் சேர்ந்து முடிவுகளை வளைத்துவிடும் என்பதை மலை ஏறுகிற எல்லோரும் அறிவார்கள். ஆகவே அந்த மாலை நேரத்துத் திட்டமிடலே எங்கள் பாதுகாப்பின் முதுகெலும்பு. தாங்கள் அகற்றியிருப்பது அதன் ஒரு பகுதியை. அதுவும் எங்களால் ஒருபோதும் நாங்களாகவே உருவாக்கிக்கொள்ள முடியாத பகுதியை.

அந்த மாலையில் நாங்கள் செய்வது என்னவென்று தங்களுக்குச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். முதலில் நேரக் கணக்கு. சுவிட்சர்லாந்து மலை வழிகாட்டி வெர்னர் முன்டர் தந்த எளிய முறையில், ஒரு கி.மீ. தூரத்துக்கு ஓர் அலகு, 100 மீ. ஏற்றத்துக்கு ஓர் அலகு என்று கூட்டி, ஸ்கின் பட்டையில் ஏறும்போது மணிக்கு 4 அலகு என வகுக்கிறோம். 6 கி.மீ. தூரமும் 1,000 மீ. ஏற்றமும் உள்ள பாதை 16 அலகு, அதாவது ஓய்வு நேரம் நீங்கலாக 4 மணி நேரம். வெயில் பட்டுப் பனி இளகுவதற்கு முன் காலை 10 மணிக்குள் கணவாயைத் தாண்ட வேண்டுமென்றால் 6 மணிக்கு முன்பே நடக்கத் தொடங்க வேண்டும். இரவு வானம் தெளிந்திருந்து பனி நன்றாக உறைந்திருந்தால் அந்த 10 மணி சரியான எல்லை. மேகம் மூடி உறையாமல் போயிருந்தால் எந்த நேரமும் சரியானதல்ல, அந்த வழியையே விட்டுவிட வேண்டும். முகட்டு நிலையத்தின் இரவு வெப்பநிலை இந்த வேறுபாட்டை எங்களுக்குக் காட்டி வந்தது.

அடுத்தது வரைபடம். பனிப்பாளங்கள் உடைந்து சரிவது பெரும்பாலும் 30 முதல் 45 பாகை வரையிலான சரிவுகளில்தான் என்பதால், பாதையின் ஒவ்வொரு துண்டின் சாய்வையும் அளக்கிறோம். 1:25,000 அளவுள்ள வரைபடத்தில் 20 மீ. உயர இடைவெளியில் வரையப்பட்ட சமவுயரக் கோடுகள் 30 பாகைச் சரிவில் சுமார் 1.4 மி.மீ. தள்ளி நிற்கும், 35 பாகையில் சுமார் 1.1 மி.மீ.; 40 பாகையில் ஒரு மி.மீ.க்கும் சற்றுக் குறைவு. சாய்வை வண்ணத்தில் காட்டும் மின்வரைபடங்கள் இப்போது இந்த வேலையை எளிதாக்கியிருந்தாலும், நுட்பம் அதேதான்.

இத்தனை நுணுக்கமாகச் சாய்வை அளப்பதற்குப் பொருள் தருவது தங்கள் அறிக்கையில் இருந்த ஒற்றை இலக்கம், அதாவது 1 முதல் 5 வரையிலான அபாய நிலை. முன்டரின் அடிப்படை விதியின்படி, அபாய நிலை 2 என்றால் 40 பாகைக்குக் குறைவான சரிவுகளிலும், 3 என்றால் 35 பாகைக்குக் குறைவான சரிவுகளிலும், 4 என்றால் 30 பாகைக்குக் குறைவான சரிவுகளிலும் மட்டுமே இருக்க வேண்டும். நிலை ஒன்று கூடினால் பாதை 5 பாகை விலகுகிறது. எங்கள் கணவாயின் வடகிழக்குப் பக்கம் 37, 38 பாகையில் ஒரு நீண்ட சரிவு இருக்கிறது. நிலை 2 உள்ள நாளில் அது இறங்கும் வழி. நிலை 3 உள்ள நாளில் அதன் அடிவாரத்தில்கூட நிற்கக்கூடாது. அந்த இலக்கம் மூன்று நாள் பழையது என்றால், அளவுகோலின் ஒரு முனையை மில்லிமீட்டர் கணக்கில் பிடித்துக்கொண்டு மறுமுனையைக் காற்றில் விட்ட நிலைதான் எங்களுக்கு.

இனி, கணவாய் என்ற இடத்தின் இயல்பைப் பற்றி. தாங்கள் மலைத்தொடர் முழுவதையும் ஒரே பகுதியாக இணைத்ததுதான் என்னை மிகவும் வருத்துகிறது; காரணம், மலைத்தொடரின் மற்ற பகுதிகளைப் போலக் கணவாய் நடந்துகொள்வதில்லை. இரண்டு உயர்ந்த முகடுகளுக்கு நடுவே தாழ்ந்திருக்கும் இடம் என்பதால் காற்று அங்கே நெருங்கி விரைகிறது. உலர்ந்த புதுப்பனியை நகர்த்த மணிக்குச் சுமார் 25 கி.மீ. காற்றே போதும். காற்று வரும் பக்கத்திலிருந்து அள்ளிய பனியை மறைவுப் பக்கத்தில் கொட்டும்போது, வானிலிருந்து பெய்வதைவிடப் பல மடங்கு விரைவாக அங்கே சுமை ஏறுகிறது. ஒரு துளிப் பனிகூடப் பெய்யாத தெளிந்த இரவில், காற்று மட்டுமே வீசி, நேற்று உறுதியாக இருந்த சரிவை இன்று காலைக்குள் உடையத் தயாரான பாளமாக மாற்றிவிடும். பள்ளத்தாக்கில் இருக்கும் ஒருவருக்கு அது நீலவானம் விரிந்த அழகான விடியல். கிளம்புவதற்கு உகந்த நாள் என்றே தோன்றும்.

அறிவிப்பில், பள்ளத்தாக்கு நிலையத்தின் அளவீடுகளைக் கணவாய்க்கும் பயன்படுத்தலாம் என்று குறிப்பிட்டிருந்தீர்கள். இது எப்படிப் பொருந்தும்? உயரம் கூடக்கூட வெப்பநிலை 1,000 மீட்டருக்குச் சராசரியாக 6.5 பாகை செல்சியஸ் குறையும் என்பது பொதுக் கணக்கு. ஆனால் தெளிந்த குளிர்கால இரவுகளில் கனத்த குளிர்காற்று பள்ளத்தாக்கில் தேங்கி, மேலே வெப்பம் கூடுதலாகவும் கீழே குறைவாகவும் தலைகீழாக மாறிவிடும். காற்றைப் பற்றிப் பேசவே வேண்டாம். பள்ளத்தாக்கில் இலை அசையாத நேரத்தில் முகட்டில் நிற்கவே முடியாத காற்று அடிப்பது எங்களுக்கு வழக்கமான அனுபவம். கணவாயைக் கடப்பவர் இரண்டு வேறு பனிநிலைகளைச் சந்திக்கிறார் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்கிறேன். ஏறிய பக்கத்தில் பார்த்ததை வைத்து இறங்கும் பக்கத்தைத் தீர்மானிக்க முடியாது; மேலே போய்ச் சேர்ந்த பிறகு அது தெரியவந்தால், திரும்பும் வழி அதற்குள் வெயிலில் இளகியிருக்கக்கூடும்.

அனுபவசாலிகள் தாங்களே மதிப்பிட்டுக்கொள்ளலாம் என்ற வாதத்துக்கு வருகிறேன். பனிப்படலம் என்பது குளிர்காலம் முழுதும் விழுந்த பனியின் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த அடுக்கு. அதில் எது பலவீனம் என்பது மேற்பரப்பில் தெரியாது. பருவத் தொடக்கத்தில் 60 செ.மீ. பனி மட்டுமே இருக்கும்போது, தரையை ஒட்டிய பனி ஏறக்குறைய 0 பாகையிலும் மேற்பரப்பு காற்றோடு சேர்ந்து −15 பாகையிலும் இருந்தால், ஒவ்வொரு 10 செ.மீ.க்கும் 2.5 பாகை வேறுபாடு. 10 செ.மீ.க்கு ஒரு பாகைக்கு மேல் வேறுபாடு போனாலே நீராவி அடுக்குகளினூடே நகர்ந்து, பனித்துகள்களை ஒன்றோடொன்று ஒட்டாத கோணலான படிகங்களாக மாற்றத் தொடங்கிவிடும். கையில் எடுத்தால் சர்க்கரை போல விரலிடுக்கில் உதிரும் பனி அது. அதன்மேல் ஒரு மீட்டர் பனி விழுந்து மூடினாலும் அது அங்கேயே, வாரக்கணக்கில், சில ஆண்டுகளில் மாதக்கணக்கில் காத்திருக்கிறது. தெளிந்த அமைதியான இரவுகளில் மேற்பரப்பில் இறகுகளாக வளரும் உறைபனிப் படிகங்களும் அடுத்த பனிப்பொழிவில் புதைந்து இதே ஆபத்தை உண்டாக்குகின்றன.

இதைக் கண்டறிய நாங்களும் குழி தோண்டுகிறோம்; பனித்தூணை வெட்டிப் பிரித்துத் தட்டிப் பார்க்கிறோம். ஆனால் ஒரு குழி ஓர் இடத்தைத்தான் சொல்லும். அங்கிருந்து 20 மீட்டர் தள்ளி, பாறை ஒன்றின் அருகே பனி மெலிந்த இடத்தில் நிலைமை முற்றிலும் வேறாக இருக்கலாம். குழியில் பலவீனம் தென்பட்டால் அது திரும்பிப் போகச் சொல்லும் நல்ல காரணம். தென்படவில்லை என்பது முன்னே போகலாம் என்பதற்குச் சான்று ஆகாது. பல உயரங்களில், பல திசை நோக்கிய சரிவுகளில், பருவத்தின் முதல் பனியிலிருந்து தொடர்ந்து பார்த்து, அடுக்குகளின் வரலாற்றை எழுதி வைத்திருப்பவர்களால்தான், இந்த உயரத்துக்கு மேலே, இந்தத் திசைச் சரிவுகளில், இந்தப் பலவீன அடுக்கு இன்னும் விழித்திருக்கிறது என்று சொல்ல முடியும். வார இறுதியில் மட்டும் மலைக்கு வரும் எந்த அனுபவசாலிக்கும் அந்தப் பார்வை வாய்க்காது. தங்கள் கண்காணிப்பாளர்களுக்கு அது வாய்த்திருந்தது. அவர்களுடைய குறிப்புகளை நான் மரியாதையோடு படித்து வந்தேன். வடக்கு நோக்கிய சரிவுகளில், மரங்கள் வளரும் உயர எல்லையான மரக்கோட்டுக்குச் சற்று மேலே புதைந்த படிகங்கள் இருக்கின்றன என்று அவர்கள் எழுதிய ஒரே வரிக்காக, எல்லோரும் ஆசையோடு காத்திருந்த பயணத்தை முந்தைய மாலையே மாற்றியிருக்கிறோம்.

அனுபவத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். பனிச்சரிவு விஷயத்தில் அனுபவம் தவறாகக் கற்பிக்கிறது. ஆபத்தான சரிவில் இறங்கினாலும் பெரும்பாலான நாள்களில் எதுவும் நடப்பதில்லை. நடக்காத ஒவ்வொரு முறையும் நம் கணிப்பு சரி என்று மனம் பதிவு செய்துகொள்கிறது. பலவீன அடுக்குக்கு மேலே பத்துப் பேர் கடந்து போன தடத்தில் பதினோராவது ஆள் அதை உடைக்கிறார். உயிர்ப்பலி கொள்ளும் பனிச்சரிவுகளில் ஏறக்குறைய 90 விழுக்காடு, அதில் சிக்கியவராலோ அவருடைய குழுவினராலோ தூண்டப்படுபவை. மலை தானாக வந்து விழுவது அரிது. மனிதர் எடுத்த முடிவுதான் பெரும்பாலும் அதை விழச் செய்கிறது. அப்படியானால் முடிவு எடுக்கும் நேரத்தில் கிடைக்கும் தகவலைவிடப் பெரிய பாதுகாப்புக் கருவி வேறு எது?

இந்தப் பருவத்தில் நடந்ததைச் சொல்கிறேன். செவ்வாய்க்கிழமை அறிக்கை நிலை 2 என்றது. வியாழன் இரவும் வெள்ளி பகலும் முகடுகளில் தென்மேற்குக் காற்று ஓயாமல் வீசியது. பள்ளத்தாக்கிலிருந்து பார்த்தபோது உச்சிகளிலிருந்து வெண்புகை போலப் பனி பறப்பது தெரிந்தது. காற்றின் வேகம், அது எத்தனை மணி நேரம் நீடித்தது, எந்த உயரம்வரை பனி நகர்ந்தது ஆகிய எதையும் அறிய வழியில்லாததால், கணவாயைக் கடக்கும் திட்டத்தைக் கைவிட்டு, எங்கும் 30 பாகையை எட்டாத காட்டு முகடு ஒன்றைத் தேர்ந்தெடுத்தோம். சனிக்கிழமை காலை வாகன நிறுத்துமிடத்தில் மற்றக் குழுக்களோடு பேசினேன். எல்லோர் கைப்பேசியிலும் அதே செவ்வாய்க்கிழமை இலக்கம். அவர்கள் அசட்டையானவர்கள் அல்லர். புதைந்தவரைக் கண்டறிய உதவும் வானலைக் கருவியான டிரான்ஸீவர், துழாவுகோல், பனிவாரி எல்லாம் வைத்திருந்தார்கள், ஒருவரையொருவர் சோதித்துக்கொண்டார்கள், வரைபடத்தில் பாதை குறித்திருந்தார்கள். அதிகாரப்பூர்வமான ஓர் அறிக்கை நிலை 2 என்று சொன்னதை நம்பினார்கள். அவ்வளவுதான்.

நண்பகலுக்குச் சற்று முன் கணவாயின் மறைவுப் பக்கச் சரிவு, நான் மேலே குறிப்பிட்ட அதே சரிவு, உடைந்தது. ஒருவர் முழுதும் புதைந்தார். அவருடைய டிரான்ஸீவரின் 457 கிலோஹெர்ட்ஸ் சமிக்ஞையைத் தொடர்ந்து அவருடைய தோழர்களே தேடி, துழாவி, தோண்டி அவரை வெளியே எடுத்தார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். கால் முறிவோடு உயிர் பிழைத்தார். மீட்பு ஹெலிகாப்டர் வந்தது. வருவதற்கு எடுத்துக்கொண்ட நேரம் மீட்புக் குழுவினருடைய தவறல்ல, எந்த மலையிலும் அவ்வளவு நேரம் ஆகும். ஆனால் முழுதும் புதைந்தவர்களைப் பற்றி 1994ஆம் ஆண்டு வெளியான சுவிஸ் ஆய்வு, 15 நிமிடத்தில் 92 விழுக்காடாக இருக்கும் பிழைப்பு வாய்ப்பு 35 நிமிடத்தில் 30 விழுக்காடாக விழுகிறது என்று காட்டியது. 2024இல் வெளியான புதிய ஆய்வு, அந்த முதல் காலத்தைச் சுமார் 10 நிமிடமாகச் சுருக்கியிருக்கிறது. வெளியிலிருந்து வரும் எந்த உதவியும் இந்தக் கணக்குக்குள் அடங்குவதில்லை. காப்பாற்றக்கூடிய நேரம் முந்தைய நாள் மாலைதான்.

அந்த விபத்துக்கு அடுத்து வந்த தங்கள் பொது அறிக்கை, மலைத்தொடர் முழுவதற்கும் நிலை 3 என்றது. அன்றிலிருந்து பல வாரங்கள் அது அப்படியே இருந்தது. காற்று அடித்த நாளிலும் நிலை 3, பனி அமைதியாகப் படிந்து உறுதிப்பட்ட நாளிலும் நிலை 3, வடக்குச் சரிவுக்கும் தெற்குச் சரிவுக்கும் வேறுபாடின்றி நிலை 3. பரந்த பகுதிக்கு ஒரே இலக்கம் தர வேண்டியிருப்பதால் பாதுகாப்பான பக்கம் சாய்ந்திருக்கிறீர்கள் என்பது எனக்குப் புரிகிறது. இதன் விளைவு என்னவென்றால், வாகன நிறுத்துமிடத்தில் இப்போது யாரும் அந்த இலக்கத்தைப் பற்றிப் பேசுவதே இல்லை. எப்போதும் ஒலிக்கும் எச்சரிக்கை மணியை யாரும் காதில் வாங்குவதில்லை. சுவிட்சர்லாந்தில் பனிச்சரிவு இறப்புகளில் ஏறக்குறைய பாதி நிலை 3 அறிவிக்கப்பட்ட நாள்களில் நிகழ்கிறது. ஐந்து நிலைகளில் நடுவில் இருப்பதால் அது நடுத்தர ஆபத்து என்று தோன்றுவதும், எந்தத் திசையில், எந்த உயரத்தில் என்ற விளக்கத்தைப் படிக்காமல் இலக்கத்தை மட்டும் எடுத்துச் செல்வதும் அதற்குக் காரணங்கள் என்று கருதுகிறேன். அப்படிப்பட்ட நிலையில் விளக்கமே இல்லாத அறிக்கையைத் தருவது சரியா?

மற்ற மலைநாடுகள் இந்தப் பாடத்தை விலை கொடுத்துக் கற்றன. டாவோஸ் நகருக்கு மேலே வைஸ்ஃப்ளுயோக் முகட்டில் 1936இல் பனி ஆய்வு தொடங்கியது. 1945 முதல் டாவோஸ் பனி ஆய்வு நிறுவனம் பொதுமக்களுக்கான பனிச்சரிவு அறிக்கையை வெளியிட்டு வருகிறது. இன்று குளிர்காலத்தில் அது நாள்தோறும் மாலை 5 மணிக்கு வருகிறது, காலை 8 மணிக்குப் புதுப்பிக்கப்படுகிறது. மாலை 5 மணி தற்செயலான நேரமல்ல. மறுநாள் திட்டம் தீட்டப்படும் நேரம் அது. எந்த மொழி பேசுபவரும் புரிந்துகொள்ளும்படி ஐரோப்பிய நாடுகள் 1993இல் ஐந்து நிலை அளவுகோலுக்கு உடன்பட்டன. கனடாவில் 2003ஆம் ஆண்டு ஜனவரி 20 அன்றும் பிப்ரவரி 1 அன்றும், பன்னிரண்டு நாள் இடைவெளியில், ஸ்கீ பயணம் போன இரண்டு குழுக்களில் தலா 7 பேர் பனிச்சரிவில் இறந்தார்கள். இரண்டாவது விபத்து ரோஜர்ஸ் கணவாய்க்கு அருகில் நடந்தது. இறந்த 7 பேரும் பள்ளி மாணவர்கள். அந்தத் துயரத்துக்குப் பிறகு, 2004இல், நாடு தழுவிய பொதுப் பனிச்சரிவு மையம் அங்கே உருவாக்கப்பட்டது.

அதே ரோஜர்ஸ் கணவாயில், கீழே செல்லும் நெடுஞ்சாலையைக் காக்க ராணுவம் பீரங்கியால் சுட்டுப் பனியைச் சரியவிடுகிறது. சுடும் நாளில் ஸ்கீ செய்பவர்கள் அந்தச் சரிவுகளில் இருக்கக்கூடாது என்பதால், எந்தப் பகுதி திறந்திருக்கிறது, எது மூடப்பட்டிருக்கிறது என்பது நாள்தோறும் அறிவிக்கப்படுகிறது. அதை அறிந்து, அனுமதிச் சீட்டோடு உள்ளே போகலாம். மலையில் போகிறவர்களைத் தடுத்து நிறுத்தாமலும், கைவிட்டுவிடாமலும், திட்டமிடத் தெரிந்த பொறுப்பான மனிதர்களாக நடத்தும் வழி இருக்கிறது என்பதற்கு அது நல்ல சான்று. நம் கணவாயில் அவ்வளவு பெரிய ஏற்பாட்டை நான் கேட்கவில்லை. ஏற்கெனவே இருந்து, நன்றாக நடந்து, பலருடைய நம்பிக்கையைப் பெற்ற ஒன்றைத் திரும்பத் தரும்படியே கேட்கிறேன்.

படிப்பவர்கள் குறைவு என்ற காரணத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். ஒரு குழுவில் ஒருவர்தான் முந்தைய மாலை அறிக்கையைத் திறந்து படிக்கிறார். அவர் முடிவின்படி நடப்பவர்கள் ஐந்து பேர், ஆறு பேர். குளிர்காலத்தில் கணவாயின் அடியில் சாலையைச் சீராக்கும் பணியாளர்களும் அதே அறிக்கையை நம்பினார்கள். பார்வைகளின் எண்ணிக்கையை வைத்து இதை அளப்பது பொருத்தமில்லை. செலவைப் பொறுத்தவரை, தங்களிடம் அளவற்ற நிதி இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. மலையில் செல்பவர்கள் தங்கள் அவதானிப்புகளைப் படத்தோடும் இடக்குறிப்போடும் அனுப்பி உதவலாம். அனுப்ப நான் தயார், என் குழுவும் தயார். ஆனால் அது பயிற்சி பெற்ற கண்காணிப்பாளருக்கு மாற்று ஆகாது. நாங்கள் பாதுகாப்பான நாளில், பாதுகாப்பான சரிவுக்குத்தான் போகிறோம்; மோசமான நாளில் மலையில் என்ன நடக்கிறது என்பதைப் பார்த்து எழுத அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். வந்து சேரும் குறிப்புகளைச் சரிபார்த்து ஒன்றுசேர்க்கவும் ஒரு முன்கணிப்பாளர் வேண்டும்.

ஆகவே தங்கள் ஆணையம் செய்ய வேண்டியவையாக நான் முன்வைக்கும் கோரிக்கைகள் இவை.

கணவாயை மலைத்தொடரின் மற்ற பகுதிகளிலிருந்து பிரித்து, தனிப் பகுதியாக மீண்டும் அறிவியுங்கள். அதற்கான பனிச்சரிவு அறிக்கையை, இந்தப் பருவம் முடியும்வரையிலும் இனி வரும் பருவங்களிலும், நாள்தோறும் மாலை 5 மணிக்குள் வெளியிடுங்கள். அதில் அபாய நிலையோடு, ஆபத்து எந்தத் திசைச் சரிவுகளில், எந்த உயரத்துக்கு மேல், எந்த வகைப் பனியால் என்ற விளக்கமும் இருக்கட்டும். இரவில் நிலைமை மாறினால் விடியற்காலைக்குள் அதைத் திருத்துங்கள். ஏதோ ஒரு நாள் அறிக்கை தயாரிக்க முடியாமல் போனால், பழைய இலக்கத்தை அப்படியே விட்டுவைக்காமல், இன்று அறிக்கை இல்லை என்று பெரிய எழுத்தில் சொல்லுங்கள். காலாவதியான இலக்கத்தைவிட வெற்றிடம் நேர்மையானது.

முகட்டு வானிலை நிலையத்தை உடனே சரிசெய்து, காற்றின் வேகம், திசை, வெப்பநிலை, பனியின் ஆழம் ஆகியவற்றை மணிக்கொருமுறை எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுங்கள். கடந்த ஆண்டுகளின் அளவீடுகளையும் திறந்து வையுங்கள்.

களக் கண்காணிப்பாளர்களைத் திரும்பப் பணியமர்த்துங்கள். மாதக்கணக்கான அறிவை ஒரே கடிதத்தில் வீட்டுக்கு அனுப்பிவிட்டீர்கள். அவர்கள் வேறு வேலைக்குப் போய்விடுவதற்கு முன் இதைச் செய்ய வேண்டும். கணவாயின் இரு பக்கங்களிலும், மரக்கோட்டுக்கு மேலும் கீழும், வாரந்தோறும் பனிக்குழி தோண்டிப் பார்த்து எழுதிய குறிப்புகள் தொடர்ந்து வெளிவர வேண்டும்.

சனிக்கிழமை நடந்த விபத்தைச் சுதந்திரமான நிபுணர்களைக் கொண்டு ஆராய்ந்து, அந்த ஆய்வில் அன்றைய அறிக்கையின் வயதும், முகட்டுக் காற்றுத் தரவு இல்லாமல் போனதும் எந்த அளவுக்குப் பங்கு வகித்தன என்பதையும் சேர்த்து, முடிவைப் பொதுவில் வையுங்கள்.

இனி இத்தகைய முடிவுகளை எடுக்கும் முன், கணவாயைப் பயன்படுத்தும் மலை வழிகாட்டிகள், மீட்புக் குழுவினர், சாலைப் பணியாளர்கள், எங்களைப் போன்ற பயணிகள் ஆகியோரை அழைத்துப் பேசுங்கள். அந்தக் கூட்டத்துக்கு எங்கள் குறிப்பேடுகளோடு வரச் சித்தமாக இருக்கிறோம்.

பருவத்தின் கனத்த பனிப்பொழிவு இன்னும் வரவிருக்கிறது. இந்த மடலுக்கு 14 நாள்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதிலைத் தரும்படியும், எந்தக் கோரிக்கையை ஏற்கிறீர்கள், எந்த நாளிலிருந்து செயல்படுத்துவீர்கள், எதை மறுக்கிறீர்கள், மறுப்பதற்கான காரணம் என்ன என்பதைத் தனித்தனியாகக் குறிப்பிடும்படியும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கணவாய்ப் பயணங்களைத் திட்டமிடும் ஒருவர்